மெகாவாட்டை எண்ணிய திட்டம்

2022 டிசம்பர் இறுதியில் இந்தியாவில் நிறுவப்பட்டிருந்த சூரிய மின் திறன் ஏறத்தாழ 63 ஜிகாவாட். அந்த ஆண்டுக்குள் எட்டிவிட வேண்டும் என்று 2015 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை வகுத்த இலக்கு 100 ஜிகாவாட். நாடு அந்த நூறைத் தாண்டியது 2025 ஜனவரி கடைசியில்தான். இலக்கு தவறியது, ஆகவே திட்டம் தோற்றது என்கிறார்கள் ஒரு சாரார். நடுவில் ஒரு பெருந்தொற்று வந்துபோயிற்று, இரண்டு ஆண்டுத் தாமதத்தைப் பெரிதுபடுத்தக் கூடாது, இது சாதனைதான் என்கிறார்கள் மறுசாரார். இரண்டு தீர்ப்பையும் நான் ஏற்கவில்லை. நூறு என்ற எண்ணுக்குள் இரண்டு தனித்தனித் திட்டங்கள் இருந்தன. பாலையிலும் தரிசிலும் அமையும் பெரிய, நடுத்தர மின்நிலையங்களுக்கு 60. வீடு, கடை, பள்ளி, தொழிற்கூடம் ஆகியவற்றின் கூரைகளுக்கு 40. கெடு முடிந்தபோது முதல் பகுதி ஐம்பதைத் தாண்டி இலக்கை நெருங்கியிருந்தது. இரண்டாம் பகுதி ஐந்தில் ஒரு பங்கோடு நின்றுபோனது. அரசு ஒன்று, வெயில் ஒன்று, பேனலும் ஒன்று. அப்படியிருக்க ஒரு பாதி ஏன் ஏறக்குறைய வென்றது, மறுபாதி ஏன் விழுந்தது? இந்தத் திட்டமிடலின் தரத்தை அளக்க இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை.

தொடக்கத்திலிருந்து பார்ப்போம். 2008-இல் வெளியான பருவநிலை மாற்றத்துக்கான தேசியச் செயல்திட்டத்தில் எட்டு இயக்கங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றான ஜவாஹர்லால் நேரு தேசிய சூரிய மின் இயக்கம் 2010 ஜனவரியில் தொடங்கப்பட்டது. அப்போதைய இலக்கு 2022-க்குள் 20 ஜிகாவாட். அதுவே அன்று அளவுக்கு மீறிய ஆசையாகத் தெரிந்தது. காரணம் விலை. 2010-11-ஆம் ஆண்டுக்குச் சூரியப் பேனல் மின்சாரத்தின் அடிப்படை விலையாக மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கணக்கிட்டது யூனிட்டுக்கு 17.91 ரூபாய். அந்த விலைக்கு எந்த மாநில மின்வாரியமும் வாங்க முன்வராது.

அப்போது திட்டமிட்டவர்கள் செய்த சில காரியங்கள் இன்று மறந்துபோய்விட்டன. முதலில், விலை உச்சத்தில் இருந்தபோது அவர்கள் கொஞ்சமாகவே வாங்கினார்கள். முதல் கட்டத்தின் அளவு ஏறத்தாழ 1,000 மெகாவாட்தான். அதே ஆண்டுகளில், 2010 முதல் 2012 வரை, ஜெர்மனி ஆண்டுதோறும் 7,000 மெகாவாட்டுக்கு மேல் நிறுவிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு யூனிட்டுக்கும் இருபது ஆண்டுகளுக்கு உயர்ந்த நிலைவிலை தருவதாக அந்த நாட்டுச் சட்டம் உறுதி அளித்திருந்தது. உலகம் பேனல் செய்யக் கற்றுக்கொண்ட செலவில் பெரும்பங்கை ஜெர்மன் மின்நுகர்வோர் கட்டினார்கள். நாம் அந்தச் செலவைச் சுமக்காமல் தப்பித்தோம். ஏழை நாடு ஒன்று இப்படித்தான் திட்டமிட வேண்டும்.

அடுத்தது, விலையைக் கலந்து விற்ற உத்தி. தேசிய அனல்மின் கழகத்தின் வணிகப் பிரிவு சூரிய மின்சாரத்தை வாங்கி, யாருக்கும் ஒதுக்கப்படாமல் கிடந்த அனல்மின்சாரத்தோடு சேர்த்து மாநிலங்களுக்கு விற்றது. ஒரு மெகாவாட் சூரியத்துக்கு ஒரு மெகாவாட் அனல். அனல் நிலையம் இரவும் பகலும் ஓடுவதால், யூனிட் கணக்கில் பார்த்தால் சூரியத்தின் பங்கு சிறியது. ஆகவே கலவை விலை மாநிலங்களால் தாங்கக்கூடியதாக இருந்தது. மானியம் என்ற பெயரில் கருவூலத்திலிருந்து பெரும் பணம் எடுக்காமல், கையில் இருந்த ஒரு வளத்தைக் கொண்டே சந்தையை உண்டாக்கினார்கள்.

மூன்றாவது, தலைகீழ் ஏலம். ஆணையம் சொன்ன விலையிலிருந்து யார் அதிகம் குறைத்துத் தருகிறாரோ அவருக்கே ஒப்பந்தம். 2010 இறுதியில் நடந்த முதல் ஏலத்தில் மிகக் குறைந்த கேள்வி 10.95 ரூபாய். ஓராண்டு கழித்து 7.49. 2017 தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்தின் ரீவா சூரிய மின் பூங்காவில் முதலாண்டு விலை 2.97, அதே ஆண்டு மே மாதம் ராஜஸ்தானின் பட்லாவில் 2.44. 2020 டிசம்பரில் குஜராத் நடத்திய ஏலம் 1.99-இல் முடிந்தது. ஆணையம் கணக்கிட்ட 17.91 ரூபாயில், பத்தே ஆண்டுகளில் ஒன்பதில் ஒரு பங்கு.

இந்த வீழ்ச்சியின் புகழ் கொள்கைக்கு உரியதல்ல, சீனத் தொழிற்சாலைகளுக்கே உரியது என்று ஒரு வாதம் உண்டு. பேனல் விலை உலகெங்கும் சரிந்தது உண்மை. ஆனால் சரிந்த விலை வாங்குபவரின் பில்லுக்கு வந்து சேர்ந்ததா என்பது அந்தந்த ஊரின் கொள்கையைப் பொறுத்தது. இதற்குச் சான்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் நிலையம் 2016-இல் இயங்கத் தொடங்கியது. ஒரே இடத்தில் அமைந்தவற்றில் உலகிலேயே பெரியது என்று அன்று பேசப்பட்டது. அதன் மின்சாரத்தை மாநிலம் ஏலத்தில் வாங்கவில்லை. ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த 7.01 ரூபாய்க்கு, 25 ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்கியது. கமுதி இயங்கத் தொடங்கி ஓராண்டு முடியும் முன்பே பட்லா ஏலம் 2.44-க்கு வந்துவிட்டது. இரண்டு இடத்திலும் பேனலின் விலை உலகச் சந்தையின் விலைதான். நிலையங்கள் கட்டப்பட்ட காலத்தில் வேறுபாடு உண்டு, ராஜஸ்தானில் வெயில் அதிகம், பூங்காவில் நிலமும் மின்வழியும் தயாராக இருந்தன. இவற்றையெல்லாம் கழித்த பிறகும் எஞ்சும் இடைவெளி கொள்கையின் இடைவெளி. ரீவாவில் இன்னொன்றும் தெரிந்தது. பணம் தவறாமல் வரும் என்பதற்கு அங்கே மாநில அரசு உத்தரவாதம் கொடுத்திருந்தது. மின்வாரியம் பில்லை இழுத்தடிக்குமோ என்ற அச்சம் நீங்கியதுமே விலை ஒரு படி இறங்கியது. ஆகவே விலையைப் பொறுத்தவரை தேசிய இயக்கத்துக்கு முழு மதிப்பெண் கொடுக்கிறேன்.

முதல் கட்டத்தின் பாதியைச் சூரிய வெப்பமின் நிலையங்களுக்கு ஒதுக்கியது தவறான கணிப்பு. ஏழு நிறுவனங்களுக்கு 470 மெகாவாட் தரப்பட்டது. பெரும்பாலானவை கட்டி முடிக்கப்படவே இல்லை. எந்தத் தொழில்நுட்பம் வெல்லும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம். இரண்டாம் கட்டத்தில் அந்தப் பாதையைக் கைவிட்டார்கள் என்பதால் இதைப் பெருங்குற்றமாக நான் எண்ணவில்லை.

ஏலம் நன்றாக வேலை செய்த இடங்களைக் கவனித்தால் ஒரு பொதுத்தன்மை தெரியும். விற்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர், நடுவில் டெல்லியின் நம்பகமான ஒரு நிறுவனம். மாவட்ட அலுவலகம், உள்ளூர்ப் பொறியாளர், லட்சக்கணக்கான வீட்டுக்காரர்கள் என்று எவரும் இந்தக் கணக்கில் இல்லை. கூரைக்கு வந்தவுடன் நிலைமை தலைகீழாகிறது. அங்கே ஒவ்வொரு மீட்டருக்கும் மின் பகிர்மான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அந்த நிறுவனத்துக்கு இதில் என்ன கிடைக்கும் என்று இலக்கை வகுத்தவர்கள் கேட்டுப் பார்க்கவில்லை. 40 ஜிகாவாட் இலக்கின் தோல்வி அங்கேதான் தொடங்கியது.

நம் மின்கட்டண அமைப்பு குறுக்கு மானியத்தில் நிற்கிறது. தொழிற்சாலையும் வணிக வளாகமும் அதிக யூனிட் செலவழிக்கும் வீடும் அடக்கவிலைக்கு மேல் கட்டுகின்றன. அந்த உபரியைக் கொண்டு சிறிய வீடுகளுக்கும் வயல்களுக்கும் மலிவாகவோ இலவசமாகவோ மின்சாரம் தரப்படுகிறது. இந்த ஏற்பாட்டில் கூரைப் பேனல் யாருக்கு லாபம்? யூனிட்டுக்கு எட்டு ரூபாய் கட்டும் தொழிற்கூடத்துக்கு நல்ல லாபம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகப் பெற்று, அதற்கு மேல் கொஞ்சம் செலவழிக்கும் குடும்பத்துக்கு அநேகமாக ஒன்றும் இல்லை. கடன் வாங்கிப் பேனல் போட்டால் நட்டமாகவும் முடியலாம். ஆக, கூரைக்கு முதலில் வருகிறவர் மின்வாரியத்துக்கு நன்றாகப் பணம் கட்டும் வாடிக்கையாளர். அவர் பகலில் தானே மின்சாரம் செய்துகொண்டு, இரவில் மட்டும் வாரியத்திடம் வாங்குவார். மின்கம்பமும் டிரான்ஸ்ஃபார்மரும் ஊழியர் சம்பளமும் வாரியத்தின் தலையில் அப்படியே இருக்கும். வருமானம் மட்டும் குறையும். ஏற்கெனவே கடனில் மூழ்கியிருக்கும் ஒரு நிறுவனத்திடம், தன் வருமானத்தைக் குறைக்கும் விண்ணப்பத்துக்குக் கையெழுத்துப் போடச் சொன்னால் என்ன நடக்கும்? வாங்கியதிலிருந்து கொடுத்ததைக் கழித்துக் கணக்கிடும் நெட் மீட்டர் கையிருப்பில் இல்லை என்பார்கள், டிரான்ஸ்ஃபார்மரின் திறன் போதாது என்பார்கள், ஆய்வுக்கு வரப் பல வாரம் ஆகும். இதை அதிகாரிகளின் சோம்பல் என்று திட்டுவது எளிது. நான் திட்ட மாட்டேன். அவர்கள் தங்கள் நிறுவனத்தின் கணக்கைக் காப்பாற்றுகிறார்கள். குறை, அந்தக் கணக்கைப் பார்க்காமல் இலக்கை எழுதியவர்களுடையது.

இடையில் டெல்லியே தடுமாறியது. 2020 டிசம்பரில் வந்த மின்நுகர்வோர் உரிமை விதிகள் 10 கிலோவாட்டுக்கு மேல் நெட் மீட்டரிங் வசதியை நிறுத்தின. எதிர்ப்பு கிளம்பியதும் 2021 ஜூனில் அந்த வரம்பு 500 கிலோவாட்டாக உயர்த்தப்பட்டது. இலக்குக்கு இரண்டே ஆண்டு இருக்கும்போது சந்தை ஆறு மாதம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. தமிழ்நாட்டில் கூரைச் சூரிய மின்சாரத்துக்கு நெட்வொர்க் கட்டணம் விதிக்கப்பட்டதும், கோவையின் சிறுதொழில் சங்கங்கள் அதை எதிர்த்துக் குரல் எழுப்பியதும் இதே முரண்பாட்டின் மாநில வடிவம்தான்.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டம் இந்தத் தவறிலிருந்து பாதி கற்றிருக்கிறது. ஒரு கோடி வீடுகள், 75,021 கோடி ரூபாய். ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். மானியம் பெரியது, இணையவழி விண்ணப்பம் எளிது, பகிர்மான நிறுவனங்களுக்கும் ஊக்கத்தொகை உண்டு. ஓராண்டில் பத்து லட்சம் வீடுகளை எட்டியது. முந்தைய திட்டங்களோடு ஒப்பிட்டால் இது பாய்ச்சல். முன்னணியில் இருப்பது குஜராத். அங்கே பகிர்மான நிறுவனங்களின் நிதிநிலை நன்றாக இருக்கிறது, கூரைத் திட்டங்களில் பல ஆண்டு அனுபவமும் இருக்கிறது. வாரியம் நலமாக இருக்கும் இடத்தில் கூரை வளர்கிறது. நோயுற்ற இடத்தில் எத்தனை மானியம் கொட்டினாலும் மெதுவாகவே நகர்கிறது. திட்டம் கல்லாத மறுபாதி, சொந்தக் கூரை இல்லாதவர்கள். வாடகை வீட்டிலும் அடுக்குமாடியிலும் குடிசையிலும் வாழ்பவருக்கு 78,000 ரூபாய் மானியம் எட்டாத தூரத்தில் இருக்கிறது. பொதுப்பணம், சொந்தமாக மொட்டைமாடி உள்ளவர்களையே தேடிப் போகிறது.

வயலின் கதை இன்னும் நுட்பமானது. குஜராத்தின் கேடா மாவட்டத்தில் துண்டி என்றொரு கிராமம். சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனத்தின் ஆதரவோடு அங்கே ஆறு விவசாயிகள் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். 2016-இல், தங்கள் சூரியப் பம்புகள் தண்ணீர் இறைத்தது போக மிஞ்சிய மின்சாரத்தை மின் நிறுவனத்துக்கு விற்கத் தொடங்கினார்கள். இந்தச் சிறு சோதனை ஒரு பெரிய சிக்கலைத் தொட்டது. தனித்து நிற்கும் சூரியப் பம்பு விவசாயிக்கு வரம்தான், ஆனால் நிலத்தடி நீருக்கு ஆபத்து. ஒருமுறை பேனல் போட்டுவிட்டால் அதற்குப் பிறகு இறைக்கும் ஒவ்வொரு லிட்டரும் இலவசம். வெயில் உள்ளவரை பம்பு ஓடலாம். மிஞ்சிய மின்சாரத்தை விற்க வழி இருந்தால், வீணாக இறைக்கும் தண்ணீர் கையை விட்டுப் போகும் காசாகத் தெரியும். நீரைச் சேமிக்கச் சொல்லி உபதேசம் செய்வதைவிட இது வலுவான ஏற்பாடு.

2019-இல் வந்த பிரதமர் குசும் திட்டம் இந்தச் சிந்தனையை உள்ளே எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்ட விதம்தான் கலவையானது. அதன் முதல் பிரிவு, விவசாயிகள் தங்கள் தரிசு நிலத்தில் 2 மெகாவாட் வரை நிலையம் வைத்து மின்சாரம் விற்பது. இலக்கு 10,000 மெகாவாட். 2024 இறுதி வரை ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை. ஒரு மெகாவாட்டுக்குச் சில கோடி ரூபாய் முதலீடு வேண்டும். ராஜஸ்தான் பாலையில் ஆயிரம் மெகாவாட் போடும் பெருநிறுவனத்தின் விலையை அளவுகோலாக வைத்து, அதற்கு அருகில் ஒரு யூனிட் விலையை ஒழுங்குமுறை ஆணையங்கள் விவசாயிக்கும் நிர்ணயித்தன. வங்கிகள் கடன் தரத் தயங்கின. பெரிய நிலையத்துக்குப் பொருந்திய அளவுகோலால் சிறிய நிலையத்தை அளந்ததன் விளைவு இது. தனிப்பம்புகளுக்கு மத்திய, மாநில அரசுகள் தலா 30 சதவீதம் மானியம் தந்த பிரிவு வேகமாக ஓடியது. எளிதில் எண்ணிக் காட்டக்கூடியது அதுதான். நிலத்தடி நீரைப் பற்றி நான் மேலே சொன்ன அச்சமும் அந்தப் பிரிவுக்குத்தான் பொருந்தும்.

இந்தத் தொகுப்பில் உண்மையிலேயே சிறந்த யோசனை பிந்தித்தான் வந்தது: ஃபீடரையே சூரிய மின்சாரத்துக்கு மாற்றுவது. வயல்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஃபீடரின் துணைமின் நிலையத்துக்கு அருகில் ஒரு சிறு சூரிய நிலையம். விவசாயி பம்பை மாற்ற வேண்டாம், முதல் போட வேண்டாம். நள்ளிரவில் வயலுக்குப் போய்ப் பாம்புக்கும் பூச்சிக்கும் பயந்துகொண்டு மோட்டார் போடும் நிலை மாறி, பகலில் மின்சாரம் கிடைக்கிறது. இலவச மின்சாரத்துக்காக வாரியம் சுமக்கும் செலவும் குறைகிறது, ஏனென்றால் தொலைவிலிருந்து விலை கொடுத்து வாங்கிய அனல்மின்சாரத்துக்குப் பதில் பக்கத்திலேயே மலிவாகக் கிடைக்கிறது. கூரைத் திட்டத்தில் வாரியம் இழக்கிறது; இங்கே பெறுகிறது. மகாராஷ்டிரம் 2017-இல் தொடங்கி, 2023-க்குப் பிறகு 16,000 மெகாவாட் என்ற இலக்கோடு இதைப் பெரிதாக்கியிருக்கிறது. இருபது லட்சத்துக்கு மேல் இலவச மின் பம்புசெட்டுகள் உள்ள தமிழ்நாடு இதில் முன்னணியில் இருந்திருக்க வேண்டும். ஏன் இல்லை என்று சென்னையைக் கேட்க வேண்டியிருக்கிறது.

பேனல் உற்பத்திக்கு வருவோம். இங்கே கொள்கை ஒரே நேரத்தில் இரண்டு வெவ்வேறு பொருளைக் கேட்டது: மிக மலிவான மின்சாரம், உள்நாட்டில் செய்த பேனல். முதல் கட்ட ஏலத்தில் படிக சிலிக்கான் பேனல் உள்நாட்டில் செய்ததாக இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். மெல்படலப் பேனலுக்கு அந்த விதி இல்லை. நிறுவனங்கள் அந்த வாசல் வழியாக, அமெரிக்க ஏற்றுமதி-இறக்குமதி வங்கியின் மலிவான கடனோடு, அமெரிக்க மெல்படலத்தை இறக்கின. உள்நாட்டுத் தொழிலைக் காக்க வைத்த விதியே அதற்குப் போட்டியை வரவழைத்தது. பிறகு அந்த விதியை எதிர்த்து அமெரிக்கா உலக வணிக அமைப்பில் வழக்குத் தொடுத்து, 2016-இல் மேல்முறையீட்டிலும் வென்றது. 2018-இல் இறக்குமதிக்குப் பாதுகாப்பு வரி வந்தது. 2021 அக்டோபரில் சரக்கு சேவை வரி 5 சதவீதத்திலிருந்து 12 ஆனது. 2025 செப்டம்பரில் மீண்டும் 5. 2022 ஏப்ரலில் பேனலுக்கு 40, செல்லுக்கு 25 சதவீதம் சுங்கவரி. இந்தக் கடைசித் தேதியைக் கவனிக்க வேண்டும். நூறு ஜிகாவாட்டை எட்ட வேண்டிய கடைசி ஆண்டில்தான் அரசே பேனலின் விலையை ஏற்றியது. அங்கீகரிக்கப்பட்ட தயாரிப்பாளர் பட்டியலில் உள்ள பேனலை மட்டுமே வாங்கலாம் என்ற விதியும் அப்படித்தான்: கொண்டுவந்தார்கள், 2023-24-இல் நிறுத்திவைத்தார்கள், 2024 ஏப்ரலில் மீண்டும் அமல்படுத்தினார்கள்.

உற்பத்திக்கான ஊக்கத்தொகை இரண்டு தவணைகளில் 24,000 கோடி ரூபாய். பலன் கிடைக்காமல் இல்லை. 2025 ஆகஸ்டில் அங்கீகாரப் பட்டியலில் உள்ள பேனல் உற்பத்தித் திறன் 100 ஜிகாவாட்டைத் தொட்டது. ஆனால் பேனலுக்குள் இருக்கும் செல்லைச் செய்யும் திறன் அப்போது அதில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கே இருந்தது. செல்லுக்கு மூலமான வேஃபர், அதற்கும் மூலமான பாலிசிலிக்கான் ஆகியவற்றில் நம் உற்பத்தி பெயரளவுக்கே. பேனல் இறக்குமதியின் இடத்தில் செல் இறக்குமதி வந்திருக்கிறது. 2026 ஜூன் முதல் செல்லுக்கும் பட்டியல் என்று அறிவித்திருப்பது சரியான திசை. பேனல் பட்டியலைப் போல் இதையும் நிறுத்திவைக்காமல் இருக்க வேண்டும். தற்சார்புக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம், அது மதிப்புள்ள செலவு. அந்த விலையை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, பத்தாண்டுக்கு மாறாத ஒரு வரிப் பாதையை 2010-லேயே அறிவித்திருந்தால் தொழிற்சாலையும் வந்திருக்கும், நிலையம் கட்டுபவரும் தன் கணக்கைச் சரியாகப் போட்டிருப்பார். வரி ஏறியதைவிட அது எப்போது ஏறும் இறங்கும் என்று தெரியாததே அதிகச் சேதம் செய்தது.

இனி, மெகாவாட்டை அளவாகக் கொண்டதன் விலையைப் பார்க்க வேண்டும். ஒரு ஜிகாவாட் என்பது கூடங்குளத்தின் ஓர் அணுஉலை அளவு. ஆனால் ஒரு ஜிகாவாட் சூரிய நிலையம் ஓராண்டில் தரும் யூனிட், அந்த உலை தருவதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். அதுவும் காலை எட்டிலிருந்து மாலை ஐந்துக்குள். அதனால்தான் நூறு ஜிகாவாட்டைத் தாண்டிய 2024-25-இலும் நாட்டின் மொத்த மின் உற்பத்தியில் சூரியத்தின் பங்கு பத்தில் ஒன்றைத் தொடவில்லை. வீட்டுக்கு வந்து விளக்கும் விசிறியும் குளிர்சாதனமும் போடும் மாலை ஏழு மணிக்கு அந்தப் பங்கு ஏறக்குறைய பூஜ்யம்.

சேமிப்பைப் பற்றி 2010-இல் பேசாததை நான் குறையாகச் சொல்லவில்லை. அன்று பேட்டரி விலை எட்டாத உயரத்தில் இருந்தது. ஆனால் 2015-இல் இலக்கை ஐந்து மடங்கு ஆக்கியபோது மாலை நேரத்துக்கு ஒரு தனி இலக்கு வைத்திருக்க வேண்டும். சூரிய நிலைய ஏலங்களில் நிறுவுதிறனில் 10 சதவீத அளவுக்கு இரண்டு மணிநேரச் சேமிப்பைச் சேர்க்கலாம் என்று மத்திய மின்சார ஆணையம் அறிவுறுத்தியது 2025 பிப்ரவரியில்தான். பகலில் மலிவு, மாலையில் கூடுதல் என்ற நேரவாரிக் கட்டண விதி 2023-இல்தான் வந்தது. இன்று விலை வேகமாக இறங்குகிறது: மத்தியப் பிரதேசம் மொரேனாவில் பேட்டரியோடு சேர்ந்த சூரிய மின்சாரம் 2025 செப்டம்பர் ஏலத்தில் 2.70 ரூபாய்க்கு வந்தது. இனிச் சாக்கு இல்லை.

மின்வழித்தடம் இன்னொரு இடறல். சூரிய நிலையத்தை ஒன்றரை ஆண்டில் எழுப்பிவிடலாம்; உயர் அழுத்த மின்வழிக்கு அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு காலம் வேண்டும். அப்படியானால் வழிதான் முதலில் போட வேண்டும். நடந்தது எதிர்மாறு. நிலையங்களுக்கு ஏலம் விட்டுவிட்டு வழியை அதன் பின்னால் ஓடவிட்டார்கள். ராஜஸ்தானில் 2025-இல் நண்பகலில் நிலையங்களை அணைக்கச் சொல்லும் நிலை வந்தது, காரணம் மின்சாரத்தை எடுத்துச் செல்லக் கம்பி போதவில்லை. இதே ராஜஸ்தானில் அழிவின் விளிம்பில் இருக்கும் கானமயில்கள் மின்கம்பிகளில் மோதிச் சாகின்றன. 2021-இல் உச்ச நீதிமன்றம் அவற்றின் வாழிடத்தில் கம்பிகளைப் பூமிக்கடியில் போடச் சொன்னது. 2024 மார்ச்சில் அந்த உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழுவிடம் ஒப்படைத்தது. ஒரு பறவைக்கும் ஒரு மின்திட்டத்துக்கும் நடுவே நீதிமன்றம் தேர்ந்தெடுக்க வேண்டி வந்ததே, பூங்காவுக்கு இடம் குறித்தவர்கள் அந்தப் பறவை எங்கே வாழ்கிறது என்ற வரைபடத்தை உடன் வைத்துப் பார்க்காததால்தான்.

கம்பி இருக்கும் இடத்திலும் மின்சாரம் நிறுத்தப்பட்டது உண்டு. தமிழ்நாட்டில் சூரிய நிலையங்களின் உற்பத்தியைக் குறைக்கச் சொன்ன வழக்கில், கட்டமைப்பின் பாதுகாப்புக்காக அல்லாமல் வணிகக் காரணத்துக்காக அப்படிச் செய்தது தவறு என்று மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. ஏழு ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்ட மாநிலத்துக்கு, அந்த மின்சாரத்தை வாங்காமல் விடுவதில் ஆதாயம் இருக்கிறது. ஆந்திரத்தில் 2019-இல் புதிய அரசு பழைய ஒப்பந்த விலைகளைக் குறைக்கப் பார்த்தது. 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மின்சாரம் பொதுப்பட்டியலில் இருக்கிறது. இலக்கை டெல்லி எழுதியது, பில்லை மாநிலம் கட்டுகிறது. இலக்கு வகுக்கும் மேசையில் பில் கட்டுபவருக்கும் சம இடம் இருந்திருக்க வேண்டும்.

நிலத்தைப் பற்றி ஒரு நல்ல செய்தி சொல்லலாம். கர்நாடகத்தின் பாவகடாவில் 13,000 ஏக்கரை அரசு கையகப்படுத்தவில்லை. ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் என்று விவசாயிகளிடம் குத்தகைக்கு எடுத்தது; குத்தகை காலத்துக்கேற்ப ஏறும், நிலம் அவர்கள் பெயரிலேயே இருக்கும். வறட்சிப் பகுதியில் இது நேர்மையான ஏற்பாடு. ஆனால் அந்த நிலத்தில் கூலிவேலை செய்தவர்களுக்கும் ஆடு மேய்த்தவர்களுக்கும் பட்டா இல்லை, ஆகவே குத்தகையும் இல்லை. யூனிட்டுக்கு இரண்டு பைசா ஒதுக்கியிருந்தாலும் அவர்களுக்கு ஒரு நிதி உருவாகியிருக்கும். ஏலத்தில் இரண்டு ரூபாயைத் தொட்ட மகிழ்ச்சியில் அந்த இரண்டு பைசா யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

என் தீர்ப்பு இது. இந்திய சூரிய மின் திட்டமிடல், மின்சாரத்தைக் குறைந்த விலைக்குக் கொள்முதல் செய்வதில் உலகத் தரமானது. மின்சார அமைப்பை மாற்றியமைப்பதில் அரைகுறையானது. ஏலத்தால் முடிந்ததெல்லாம் முடிந்தது. கூரை, வயல், மாலை நேரம், மின்வாரியத்தின் கணக்கு, செல் தொழிற்சாலை என்று பொறுமையும் நிலையான விதியும் மாநிலத்தோடு பேச்சுவார்த்தையும் கேட்ட எல்லாம் பின்தங்கின அல்லது பிந்தி வந்தன. 2030-க்குள் புதைபடிவம் சாராத 500 ஜிகாவாட் என்ற அடுத்த இலக்கும் அதே அளவுகோலில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதை மாநிலவாரியாகவும், மாலை ஆறிலிருந்து பத்துக்குள் எத்தனை யூனிட் என்றும் பிரித்து எழுத வேண்டும். கூரைப் பேனலால் பகிர்மான நிறுவனம் இழக்கும் வருமானத்தை ஈடுசெய்யும் தொகையை மானியத்தோடு சேர்த்தே ஒதுக்க வேண்டும். ஃபீடர் திட்டம் தனிப்பம்பு மானியத்தை முந்த வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டண மாற்றத்துக்கு முன் ஒவ்வொரு மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துகிறது. யாரும் போய்ப் பேசலாம், எழுத்திலும் கொடுக்கலாம். அடுத்த கூட்டம் உங்கள் ஊரில் நடக்கும்போது, எத்தனை மெகாவாட் சேர்த்தீர்கள் என்பதோடு நிறுத்தாமல், மாலை ஏழு மணிக்கு எங்கிருந்து மின்சாரம் வாங்குகிறீர்கள், என்ன விலைக்கு வாங்குகிறீர்கள், எங்கள் வட்டாரத்தின் விவசாய ஃபீடர் எப்போது சூரியத்துக்கு மாறும் என்று கேளுங்கள்.